பாதி உயிர் உள்ள இடம்

எங்கள் வீடு எரிமலைக் கல்.
சுவர் முக்கால் மீட்டர் தடிமன்.
அங்ராவில் கடைப்பெண் நெலியாவிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.
இந்தத் தீவில் யாருக்குத்தான் இல்லை அந்தச் சுவர் என்று
பேனாவை நீட்டினாள்.

ரசீதின் பின்புறம் வீட்டை வரைந்தேன்.
'ப' மாதிரி வந்தது.
நடுவிலிருந்த வெற்றிடத்தைத் தட்டி
"இது முற்றமா?" என்றாள்.
"இல்லை. என் கணவரின் அண்ணன்."

மாமனார் போன மறு வருஷம் பாகம் பிரித்தார்கள்.
மாடு ஆளுக்குப் பதினெட்டு.
கறவை இயந்திரம் ஒன்றுதான், அதில் மூண்டது.
சிமென்டுச் சுவர், உள்ளே கம்பி வலை,
நிலம் நடுங்கினாலும் நிற்கும்படி.
சுவருக்கும் காது உண்டு என்பார்கள்;
இதற்கு அதுவும் கிடையாது.
பதின்மூன்று வருஷமாக
ஒரு தும்மல்கூட இந்தப் பக்கம் வந்ததில்லை.

ரவுட்டர் சமையலறையில், வலது காலில்.
என் மேசை இடது காலின் கோடியில்.
லிஸ்பன் மருத்துவர்கள் பேசி அனுப்புவதைத்
தட்டச்சு செய்கிறேன்.
"கல்லீரலின் வலப்பக்கம்..." என்று ஒரு குரல் தொடங்கும்,
திரையில் வட்டம் சுற்றும்.
யாரோ ஒருவரின் கல்லீரலைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருப்பேன்.

"மெஷ்" என்றாள் நெலியா.
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி கைமாறுகிற மாதிரி
பெட்டிக்குப் பெட்டி கைமாறும்.
இரண்டு பெட்டி நூற்றெழுபது யூரோ, மூன்று இருநூற்று நாற்பது.
எடுயீனோ இரண்டு போதும் என்றார்.
பையன் தினிஸ் மூன்று பேண்ட் உள்ளதாகப் பார்த்தான்;
பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே
தனியாக ஒரு பேண்ட் வேண்டுமாம்.
"நம் வீட்டுக்கு அது அவசியம்தான்" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.
மூன்று வாங்கினோம்.

பில் போடும்போது நெலியா சொன்னாள்:
சிக்னல் செத்த இடத்தில் வைக்காதீர்கள்,
பெட்டியும் சேர்ந்து சாகும்.
பாதி உயிர் உள்ள இடமாகப் பாருங்கள்.

பார்த்தோம்.
'ப'வின் அடிக்கோட்டில் பழைய ரொட்டி அடுப்பு,
கல்லும் இரும்புமாக வழியை அடைத்துக் கிடந்தது.
கேபிள் இழுக்க வந்த பெலர்மீனோ
ஒரு துளைக்கம்பியை உடைத்துவிட்டு
முந்நூறு கேட்டார்.
மாடிப்படி, அலமாரி உச்சி, குளியலறை,
எங்கு வைத்தாலும் மூன்றாவதற்குச் சிவப்பு விளக்கு.

நான்காம் நாள் பாத்திரம் கழுவும்போது கண்டுபிடித்தேன்.
என் சமையலறை ஜன்னலுக்கு நேரே
ஒடீலியாவின் இஸ்திரி அறை ஜன்னல்.
அதன் எதிர் ஜன்னல் என் மேசையைப் பார்க்கிறது.
கண்ணாடிக்குப் பங்காளிச் சண்டை தெரியாது.

ரொட்டித் துணியில் பெட்டியைச் சுற்றிக்கொண்டு
தெருவைச் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.
என் ஓரகத்தி கண்ணாடி போட்டிருந்தாள்;
எப்போது போட்டாள் என்று தெரியவில்லை.
"எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"
"குண்டு பல்பில் பாதிகூட இல்லை."
"ராத்திரி சத்தம் போடுமா?"
"போடாது."
கஞ்சி டப்பாவை நகர்த்தி இடம் செய்தாள்.
சிவப்பு. ஆரஞ்சு.
இருவரும் கைகட்டி நின்றோம்.
வெள்ளை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர் கேட்டது ஆப்.
'சமையலறை', 'மாடி' என்று கொடுத்தேன்.
மூன்றாவதற்கு தினிஸ் என் கையிலிருந்து வாங்கி
'பெரியம்மா' என்று தட்டினான்.
எடுயீனோ அதைப் பார்த்தார்.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
பால் கறக்கப் போனார்.

வியாழக்கிழமைதோறும் பத்து மணிக்கு இணைப்பு போகும்.
அங்கே அவள் ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகுகிறாள்.
தினிஸ் மாடியிலிருந்து கத்துவான்.
லிஸ்பனில் ஒரு கல்லீரல் பாதியில் நிற்கும்.
நிற்கட்டும்,
மைத்துனருக்குச் சட்டைகள் நிறைய.