மூன்றாவது குப்பி

சாஸ்கட்டூன். பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வெள்ளிக்கிழமை கார் டிக்கியில்
நான்கு குப்பிகளை மறந்துவிட்டேன்.
திங்கள் காலை, கல்.

"தூக்கிப் போடு" என்றாள் டார்லீன்.
போடவில்லை. சோம்பல்தான்.
சிங்க் ஓரம் வைத்துவிட்டுக்
காப்பி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால்
முதல் குப்பியில், ட்வீன் மட்டும் சேர்த்தது,
கனோலா எண்ணெய் மேலே மஞ்சளாய்ப் படுத்திருந்தது.
இரண்டாவதில் ஸ்பான் மட்டும். கேட்கவே வேண்டாம்,
அது உறையுமுன்னே பிரிந்திருக்கும்.
இரண்டும் கலந்த மூன்றாவது
பாலாகவே நின்றது;
கழுவாத தம்ளரில் போல
விளிம்பில் ஓர் எண்ணெய் வளையம், அவ்வளவுதான்.

ட்வீனுக்குத் தண்ணீருக்குள் விரிந்த பெருந்தலை.
துளியைச் சுற்றி எப்படி நெருக்கி நின்றாலும்
தலையோடு தலை இடிக்கும்,
காலடியில் சந்து கிடக்கும்.
பனி ஊசி தேடி வருவது அந்தச் சந்தைத்தான்.
தலை சிறுத்த ஸ்பான்
சொல்லாமல் கொள்ளாமல் அதில் போய் நின்றுகொள்கிறது.

"கனடா தினப் போஸ்டருக்கு ஆகும்"
சிரித்தாள் டார்லீன்.

நாலாவதைத் தூக்கிக் காட்டினேன்.
அதே இருவர்தான்,
ஸ்பானில் மட்டும் என் கை கொஞ்சம் தாராளம்.
கட்டி கட்டியாய் மிதந்தது.
உவமை அங்கேயே திரிந்துபோனது.

லேசரில் மூன்றாவதின் துளி:
போன வாரம் புள்ளி நான்கு மைக்ரான்,
இன்று புள்ளி ஐந்து.
நோட்டில் குறித்தேன்.
'சேமித்த இடம்' என்ற கட்டத்தில்
பேனா சற்றுத் தயங்கியது.
பிறகு எழுதினேன்:
டொயோட்டா, பின்பக்கம்.