இருபத்திரண்டு கைப்பிடிகள்

பிப்ரவரி முடிகிற ஒரு ராத்திரி
தட்டைக் கழுவியபடி ஓரின் கேட்டான்:
"கைப்பிடிகளை மட்டும் மாற்றுவோமா, மார்லிஸ்?"
எதன் கைப்பிடிகள் என்று நான் கேட்கவில்லை.
என் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்த பித்தளை அது,
எனக்குத் தெரியாதா.

டுலூத்தில் அப்போது ஏரி உறைந்து கிடந்தது.
தாதுக் கப்பல் வராத மாதங்களில்
துறைமுகத்தில் அவனுக்கு வேலை பாதி,
சம்பளம் பாதிக்கும் கீழே.

பழைய கட்டடச் சாமான் விற்கும் கிடங்கில்
ஒரு பை நிறையக் கைப்பிடிகள், பதினோரு டாலர்.
எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்று.
"ஒன்று குறைகிறதே" என்றேன்.
"அதனால்தான் பதினோரு டாலர்"
என்றாள் கல்லாவில் இருந்தவள்.

கைப்பிடி புதுசானால் கதவு கிழடாய்த் தெரிகிறது.
கதவுக்குப் பூசினால் சுவர் முகம் சுளிக்கும்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று
தினமும் படுக்குமுன் கணக்குப் போட்டோம்.
யாரோ கலக்கச் சொல்லி,
பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த பெயிண்ட்
காலன் ஒன்பது டாலருக்குக் கிடைத்தது.
நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை;
பனிக்கட்டி விரிசல் விடும்போது
ஏரிக்கு வருமே, அது.

சனிக்கிழமை கதவுகளைக் கழற்றினோம்.
ஒவ்வொன்றின் முதுகிலும் நாடா ஒட்டி எண் எழுதினான்,
திருகாணிகளை மஃபின் தட்டின் குழிகளில்
எண் வாரியாய்ப் போட்டான்.
பிசுக்குப் போக மூன்று வாளி வெந்நீர்.
உப்புத்தாள் தேய்த்து என் நகங்கள் மழுங்கின.
கராஜில் ஹீட்டர் போட்டுக் காயவைத்தோம்.
மூன்று நாள் தொடக்கூடாது.

மூன்று நாள்
கதவில்லாத அலமாரிகளோடு குடியிருப்பது
உள்ளாடையோடு விருந்தாளியை வரவேற்பது போல.
ஒரே கம்பெனிக் கடுகுச் சாஸ் ஐந்து புட்டி.
மூடியில்லாத டப்பாக்கள், டப்பா இல்லாத மூடிகள்.
மேல்தட்டில் மாவு டின்னுக்குப் பின்னால்
எட்டு வருடத்துக்கு முன் நான் விட்டொழித்த சிகரெட்,
பாக்கெட்டில் நாலு குறைவாக.
ஓரின் பார்த்தான்.
பார்த்ததை நான் பார்த்தேன்.
"இந்தத் தட்டுக்கும் பூசணுமா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அவன் ஷிஃப்டுக்குப் போனதும்
ஃப்ரிட்ஜுக்கு மேலிருக்கும் அலமாரியைத் துடைத்தேன்.
ஓட்ஸ் டின்னுக்கு அடியில் நாலாய் மடித்த காகிதம்:
ஒரு காண்ட்ராக்டரின் எஸ்டிமேட், போன அக்டோபர் தேதி.
மொத்தம் இருபத்தெட்டாயிரத்து நானூறு.
பென்சிலால் ஒவ்வொரு வரியாய் அடித்திருந்தான்.
கருங்கல் மேடை, அடி.
புதுக் குழாய், தொட்டி, அடி.
கிழக்குச் சுவரை இடித்து ஏரி பார்க்கும் ஜன்னல்:
அதை அடித்து, ரப்பரால் அழித்து,
மறுபடி அடித்திருந்தான்.
தாள் அந்த இடத்தில் நைந்து போயிருந்தது.
அடிபடாமல் மிஞ்சியது கடைசி வரி.
கைப்பிடிகள், இருபத்திரண்டு.

அதே மடிப்பில் மடித்து
அதே டின்னுக்கு அடியில் வைத்தேன்.
கொஞ்சம் யோசித்து
சிகரெட் பாக்கெட்டையும் பக்கத்தில் வைத்தேன்.

எல்லாம் சரியாய் முடிந்தது என்று சொல்லமாட்டேன்.
அடுப்புக்குப் பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் ஓடு
மூன்றாவது சூப்பிலேயே சுருண்டது.
ஏழும் பன்னிரண்டும் இடம் மாறிவிட்டன,
நாடா உரிந்து குப்பைக்குப் போயிருந்தது.
இருபத்திரண்டாவதற்கு பழைய பித்தளை ஒன்றை
வினிகரும் உப்பும் போட்டுத் துலக்கினேன்.
ஃப்ரிட்ஜுக்கு மேல் கதவில் அதை மாட்டும்போது
ஓரின் ஏணியில் ரொம்ப நேரம் நின்றான்.

அந்தக் கதவு மட்டும் சாத்துவதில்லை.
ஒரு விரற்கடை திறந்தே நிற்கிறது.
கீல் மாற்றினால் சரியாகும் என்கிறான்,
மூன்று டாலர்தான்.

செலவு நானூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது.
நிற்கட்டும் என்றேன்.