வேலந்தாவளத்தில் அறுபது

பறவைக் காய்ச்சல் மாதம்.
கேரளாவிலிருந்து வரும் வண்டிகளின் டயருக்கு
மருந்தடிக்க வேண்டும், நம்பரை நோட்டில் எழுத வேண்டும்.
ஆள் மூன்று, தெளிப்பான் ஒன்று,
மூன்று கால் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று.

லாரிக்கும் லாரிக்கும் நடுவே இரவு நீளம்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அறுபதை இரண்டிரண்டாக உடைப்பேன்.
கண்டபடி அல்ல, விதி உண்டு:
உடைந்த இரண்டு துண்டுக்கும்
ஒன்றைத் தவிரப் பொதுவாக எதுவும் இருக்கக் கூடாது.
நான்கும் பதினைந்தும், போகலாம்.
மூன்றும் இருபதும், ஐந்தும் பன்னிரண்டும் போகலாம்.
இரண்டும் முப்பதும்
ஓரங்கட்டு,
இரண்டு பக்கமும் ஒரு இரண்டு ஒளிந்திருக்கிறது.
ஆறும் பத்தும்
அதே குற்றம்.

தேறியவற்றைக் கூட்டினேன், அறுபதை மட்டும் விட்டு.
ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து,
பன்னிரண்டு, பதினைந்து, இருபது.
அறுபது!
நான்கு பேரைத் திருப்பி அனுப்பியும்
எண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.
கலெக்டர் உத்தரவும்
இதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது.

நூறடி தள்ளி அந்தப் பக்கக் கூடாரத்தில் சுஹரா.
ஊரை விட்டு வெளியேறும் வண்டிகளை அவள் எழுதுவாள்.
அவளுடைய போன் எங்கள் பிளக்கில் சார்ஜ் ஏறும்,
எங்கள் டீ அவளுடைய பிளாஸ்கில் வரும்.
கொழிஞ்சாம்பாறையில் என் சித்தி வீட்டுக்கு
அடுத்த சந்தில் அவள் வீடு.
கொசு பொது. ஒரே நாய்
கோட்டின் மேலேயே படுத்துத் தூங்கும்,
அதற்கு யாரும் மருந்தடித்ததில்லை.
என் விதிப்படி நாங்கள் இரண்டு பேரும்
ஓரங்கட்ட வேண்டியவர்கள்.

ஒரு விடியலில் கணக்கு ஒத்துவரவில்லை.
அவள் நோட்டில் நூற்றுப் பதினான்கு.
என் நோட்டில் நூற்று இருபத்தாறு.
"பன்னிரண்டு வண்டி வானத்திலிருந்தா குதிச்சது?"
டாக்டர் சார் ஜீப்பை விட்டு இறங்காமலே கேட்டார்.
தென்னந்தோப்பு மண்பாதை
இரண்டு கூடாரத்துக்கும் நடுவில் வந்து சேர்வதை
அவருக்கு நான் சொல்லவில்லை.
கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

நூற்றுப் பதினான்கை விதிப்படி உடைத்தால்
ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு,
பத்தொன்பது, முப்பத்தெட்டு, ஐம்பத்தேழு.
கூட்டினால் என்னுடைய நூற்று இருபத்தாறு.
கை நடுங்கிற்று. என்னுடையதை உடைத்தேன்.
ஒன்று, இரண்டு, ஏழு, ஒன்பது,
பதினான்கு, பதினெட்டு, அறுபத்து மூன்று.
அவளுடைய நூற்றுப் பதினான்கு.

சார் "வித்தியாசம் 12" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.
சுஹரா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்,
இரண்டு முறை.
"அப்போ இது ரெண்டும் கூட்டா?" என்றாள்.
கூட்டு என்றால் அவளுக்கு சிநேகம்.
எனக்கு ப்ளஸ் குறி.
ஆமாம் என்றேன்.

ஹார்ன் அடித்தது. காலி லாரி, டிரைவர் மட்டும்.
நம்பர் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது.
பகா எண்.
ஒன்றும் தானும் அல்லாமல் உள்ளே யாரும் இல்லை.
நான்கு டயருக்கும் கொஞ்சம் கூடவே அடித்தேன்.