எச்சம்

நீராவி காட்டினால்
முப்பத்தெட்டு வருடத்துப் பசையும் இளகும்.
டெல்லெர்வோ சாமணத்தால் தபால்தலையை உரிக்கிறாள்.
முன்பக்கம் அன்னம், கழுத்தில் கலங்கிய முத்திரை.
பின்பக்கம்
யாரோ நக்கிய இடம்.

வான்டாவில் மணி மூன்று, வெளியே இருட்டிவிட்டது.
அவள் பேசக்கூடாது.
முகமூடியைத் தாண்டி ஒரு துளி தெறித்தாலும்
அவளே சாட்சியாகிவிடுவாள்.

கடிதம் பக்கத்து மேசையில், உறைக்குள்.
'அம்மா, நலமாக இருக்கிறேன். தேடாதே. மர்கெத்தா.'
தட்டச்சில் மூன்று வாக்கியம்.
ஆறு கிறிஸ்துமஸுக்கு ஆறு வந்தன,
பிறகு நின்றன.
கெமியில் இர்யா ஹுத்துலா ஆறையும்
ரொட்டி டப்பாவில் வைத்திருந்தாள்.

தபால்தலையை நகத்துணுக்கு அளவில் நறுக்கி
குழாயில் போட்டு நொதி ஊற்றி
ஐம்பத்தாறு டிகிரியில் இரவெல்லாம் விட்டால்
செல் கரைந்து தன் நூலைத் தரும்.
சுழற்று. வடிகட்டு. சாராயத்தில் அலசு.
மறுபடி சுழற்று.
பாலையும் நீரையும் பிரிக்கிற வேலை இப்போது
மேசை மேல் உறுமும் இந்த இயந்திரத்துக்கு.

மிஞ்சியது ஐம்பது மைக்ரோலிட்டர்.
ஒரு கண்ணீர்த்துளி அளவு என்று எழுதலாம்.
அவள் எழுதமாட்டாள்,
படிவத்தில் அதற்கு இடமில்லை.

மறுநாள் திரையில் முகடுகள்.
பாலினம் காட்டும் இடத்தில் இரண்டு:
எக்ஸ், ஒய்.
மகள் ஒட்டிய தபால்தலை இல்லை.

கடலில் ஏதாவது உடல் ஒதுங்கினால் ஒப்பிட என்று
எப்போதோ இர்யா கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுத்த
பஞ்சுக்குச்சியின் அட்டவணையைத் திறக்கிறாள்.
வரிசை வரிசையாக
இரண்டில் ஒன்று அம்மாவுடையது.
ஓரிடமும் தப்பவில்லை.

கோப்பில் பதினேழாம் பக்கம்:
'தம்பி பெந்த்தி, வயது பதினொன்று.
அன்றிரவு தூங்கிவிட்டதாகச் சொன்னான்.'

நாக்குக்கு எலும்பில்லை, எப்படியும் வளையும்.
எச்சில் வளையாது.
ஆனால் அவன்
அழுகிற அம்மாவுக்காக ஒட்டினானா,
தேடுகிறவர்களை நிறுத்த ஒட்டினானா,
சொல்லித்தான் ஒட்டினானா,
அது எச்சிலுக்குத் தெரியாது.

அறிக்கையில் எழுதுகிறாள்:
'ஆண். மாதிரி கொடுத்தவரின் மகனாக இருக்கலாம்.'
'கலாம்' என்பதற்குப் பக்கத்தில்
பத்து இலக்கத்தில் ஓர் எண்.

பெந்த்திக்கு இப்போது ஐம்பத்து நான்கு.
ஞாயிறுதோறும் அம்மாவுக்கு மீன் வாங்கி வருகிறவன்.
இது கோப்பில் இல்லை,
துப்பறிகிறவர் தொலைபேசியில் சொன்னது.
பிறகு அவரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

மீதி முப்பது மைக்ரோலிட்டரை
மைனஸ் இருபதில் வைத்துப் பூட்டுகிறாள்.
முகமூடியைக் கழற்றும்போது
உதடு பல்லோடு ஒட்டியிருக்கிறது.