வெற்றுப் பை

நாகலூர்ச் சரிவில் பதினெட்டுப் பாத்திகள்.
சில்வர் ஓக் மரங்களைக் கட்டிக்கொண்டு மிளகுக்கொடி.
ஒன்பது பாத்திக்கு உயிருள்ள பொடி,
ஒன்பதுக்கு வெறும் டால்க்.
சீட்டுக் குலுக்கியவர் பெலிக்ஸ் சார்.
விடையை உறையிலிட்டு அரக்கு வைத்து
அலமாரியில் பூட்டி
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
பைகளின் மேல் அ, ஆ. அவ்வளவுதான்.
தூவுகிற அங்காயிக்குத் தெரியக் கூடாது,
அளக்கிற எனக்கும் தெரியக் கூடாது.

பதினான்காம் வாரம் வேர்மண் எடுத்து
இருபது கொண்டை ஊசி வளைவும்
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து இறங்கினேன்.
மீனா, என்றார் கண்டக்டர்.
மண், என்றேன்.
சேலத்துல இல்லாத மண்ணா
என்று சிரித்துக்கொண்டே
பெட்டிக்கும் அரை டிக்கெட் கிழித்தார்.

கூடத்தில் விசிறி போடக் கூடாது.
காற்று அசைந்தால் வித்து அசையும்.
ஒரு கிராம் மண், ஒன்பது பங்கு நீர்.
அதில் ஒரு பங்கு, மறுபடி ஒன்பது பங்கு நீர்.
மறுபடி.
மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத
ஒரு சொட்டு மிஞ்சும் வரை.
கண்ணாடிக் கோலைச் சாராயத்தில் தோய்த்து
நீலச் சுடரில் காட்டி
ஆறும் வரை இருபது எண்ணி
அந்தச் சொட்டை அகார் மேல் பரப்புவேன்,
தட்டின் மூடியை
விரல் அகலத்துக்கு மேல் திறக்காமல்.

ஐந்தாம் நாள்
அ எல்லாம் பாசிப்பச்சை.
ஆ எல்லாம் வெள்ளையும் சாம்பலுமாய் ஏதேதோ.
ஏழு, எட்டு, பன்னிரண்டு தவிர.
அவையும் ஆ. ஆனால் பச்சை.

முதல் சந்தேகம் எப்போதும் சொந்தக் கை மேல்.
ஆட்டோகிளேவ் நாடாவில் கறுப்புக் கோடு
விழுந்திருக்கிறதா பார்த்தேன், விழுந்திருக்கிறது.
வெறும் தட்டொன்றை அரைமணி நேரம்
திறந்து வைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை.
புதுக் கோல், புது நீர், புது மண்.
மூன்று முறை. மூன்று முறையும் பச்சை.
மண்ணிலேயே இருந்த பூஞ்சணமாக இருக்கும்,
என்றார் பெலிக்ஸ் சார், நம்பாமல்.
டி.என்.ஏ. பிரித்து ஜெல்லில் ஓட்டினோம்.
இரண்டு கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில்,
எங்கள் பொடி ஒன்றில், ஏழாம் பாத்தி ஒன்றில்.
புற ஊதா வெளிச்சத்தில் பட்டைகள்
ஒரே படிக்கட்டில் நின்றன.

மறுநாள் முதல் பஸ்.
முகப்பு விளக்கையே விழுங்கும் மஞ்சு.
கேட்டேன்.
அங்காயி மறைக்கவில்லை.

"இந்தப் பை ஒடச்ச தேங்காயாட்டம் மணக்குது.
அந்தப் பை மூஞ்சிக்குப் போடற பவுடரு.
எது மருந்துன்னு யாராச்சும் சொல்லணுமா?
வழியோரத்துக் கொடி மூணு வரிசையும்
எல உதுத்துட்டு நிக்குது.
சாகுதுன்னு தெரிஞ்சே
பவுடரு பூசச் சொல்றீங்களே புள்ள,
பொணத்துக்குப் பூசறாப்புல."

அரக்கு, உறை, பூட்டு, சாவி.
மூக்கை யாரும் நினைக்கவில்லை.
நானும் அந்தப் பையை முகர்ந்து பார்த்ததில்லை.
முகமூடி போட்டிருந்தேன்.

ஒப்பீட்டுக்கு நோய் வேண்டும் என்று சொல்லத் தொடங்கினேன்.
ஆறு கொடி இன்று செத்தால்தான்
ஆறாயிரம் கொடிக்கு
இது மருந்தா மண்ணாங்கட்டியா என்று தெரியும்.
பாதியில் நிறுத்திவிட்டேன்.
தப்பாகச் சொல்லவில்லை.
அவள் என் முகத்தைப் பார்க்காமல்
ஏழாம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வு நோட்டில் ரப்பர் ஆகாது,
வெள்ளை பூசவும் ஆகாது.
பிழையின் மேல் ஒற்றைக் கோடு,
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி.
அடித்ததும் படிக்கக் கிடைக்க வேண்டும்.

பாத்தி 7, 8, 12 நீக்கம். காரணம்:
என்று எழுதி
இரக்கம் என்று எழுதி
ஒற்றைக் கோடு போட்டேன்.
வா. செ., அக்டோபர் 9.
கீழே, சிகிச்சை மாறியது.
அதற்கும் கீழே, அடுத்த பருவத்துக்கு
இரண்டு பைக்கும் ஒரே வாசம் வர வேண்டும்.
வெற்றுப் பையில்
அதே பொடியைக் கொன்று போடலாமா?
பெலிக்ஸ் சாரிடம் கேட்க.

பஸ்ஸுக்கு நிற்கையில் பின்னால் வந்து கேட்டாள்,
நான் போட்டதெல்லாம் பொழச்சுதா?
ரெண்டு வரிசை தளிர் விட்டிருக்கு, ஒண்ணு போயிடுச்சு.
மூணை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, என்றேன்.
ரெண்டு, என்று சொல்லிக்கொண்டே
மஞ்சுக்குள் போனாள்.