கோட்டைக்குள் போகும் வழி

ஞாயிற்றுக்கிழமை. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கிறது.
ஷகீனாவின் அண்ணனுடைய ஜெராக்ஸ் கடை,
ராயபுரம், கல்மண்டபம் பக்கம்.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
மேசையில் நிறுத்திய பொத்தான்கள் நகர்ந்துவிடும்.
சிவப்பு, பூதம். சட்டையில் கழன்ற வெள்ளை, பெனாசிர்.
லாரி தள்ளியதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்:
நிலம் நடுங்கியது, பூதம் ஓரடி முன்னால் வந்துவிட்டது.

கதை சொல்வது என் வேலை.
இருட்டு. கதவு. உள்ளே மூச்சுவிடும் சத்தம்.
என்ன செய்யப் போறீங்க?
அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை.
மிச்சத்தைப் பகடை சொல்லும்,
இருபது முகம், இளஞ்சிவப்பு,
நாலு பேர் காசு போட்டு ஆன்லைனில் வாங்கியது.

இதற்கு முன் மூன்று வருடம்
நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் ஆடினேன்.
பத்து ஆண்கள், நான்.
முதல் நாள் கேட்டார்கள், யாரோட வந்தீங்க?
பஸ்ஸோட, என்றேன்.
காயத்துக்கு மருந்து போடுகிறவள் என்று
எனக்கான தாளை அவர்களே நிரப்பி வைத்திருந்தார்கள்.
ஸ்டான்லியில் வாரம் முழுக்க ஊசி குத்துகிறேன்,
இங்கேயும் கட்டுப் போடவா?
கோடரி கேட்டேன். கொடுத்தார்கள்.
இரண்டாம் வாரமே என்னைச் சிறைபிடித்தார்கள்.
நாங்க வந்து மீட்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க.
நாலு ஞாயிறு கூண்டுக்குள் சமோசா தின்றேன்.
பூட்டு எவ்வளவு கெட்டி என்று கேட்டால்
அது இப்ப முக்கியமில்லை.

அதில் ரெண்டு பேர் நல்லவர்கள்.
ஒருத்தன் இன்றும் புது வரைபடம் அனுப்புவான்.

அவன் அனுப்பிய கோட்டைதான் இன்று மேசையில்.
அகழியில் மட்டும் நான்
பக்கிங்ஹாம் கால்வாய்த் தண்ணீரை விட்டிருந்தேன்.
முதலை தேவையில்லை, யாரும் இறங்க மாட்டார்கள்.

கோமளி வெல்டிங் படித்தவள், வாசலில் என்ன இரும்பு என்றாள்.
பெனாசிர், காவலர்களுக்குச் சம்பளம் ஒழுங்கா வருதா?
ஷகீனா ரொம்ப நேரம் பேசவில்லை.
காசிமேட்டில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறவள்,
விடிகாலை ரெண்டு மணிக்குப் போனால் பதினொன்று வரை.
அப்புறம் கேட்டாள்,
இந்தக் கோட்டைல கக்கூஸ் எங்க கீது?

சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.
மெய்யாலுமே கேக்கறேன். ஒரு ராணி, நாப்பது சமையக்காரி.
எங்க போவாங்க?

வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஆயுதக்கிடங்கு இருந்தது.
சிம்மாசனத்துக்குப் பின்னால் ரகசியப் படிக்கட்டு இருந்தது.
மூன்று வருடம், பதினோரு பேர் ஆடிய ஆட்டத்தில்
யாருக்கும் ஒருமுறைகூட மூத்திரம் வந்ததில்லை.
தண்ணீர் குடிக்காமல் கிளம்பிப் பழகிய
நானும் கேட்டதில்லை.

பேனா எடுத்து வடக்குச் சுவரில் வரைந்தேன்,
வெளியே துருத்தி நிற்கும் சின்ன அறை,
அடியில் துவாரம், நேராக அகழிக்கு.
நாற்றத்தில் அந்தப் பக்கம் வில்லாளி நிற்க மாட்டான்.

அப்ப அது வழியாவே ஏறலாம், என்றாள்.

முப்பதடி. வழுக்குச் சுவர்.
துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு
பெனாசிர் கயிறு பிடிக்கிறாள், கோமளி ஆணி அடிக்கிறாள்,
ஷகீனா ஏறுகிறாள்.
பாதியில் பிடி நழுவுகிறது.
போடு, என்றேன்.
போட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி.
பகடை விளிம்பில் தயங்கி
ஜெராக்ஸ் மிஷினுக்கு அடியில் போய்விட்டது.

செல்போன் வெளிச்சத்தில் தரையில் படுத்துப் பார்த்தோம்.
பத்தொன்பது, என்றாள் பெனாசிர். ஒன்று, என்றாள் கோமளி.
எனக்குத் தூசிக்குள் இளஞ்சிவப்பு மட்டும் தெரிந்தது.
ஸ்கேல் விட்டால் புரண்டுவிடும்.
மிஷினை நகர்த்த அண்ணன் வர வேண்டும், வந்தால் கேள்வி கேட்பான்.
ஆறரை. எனக்கு நைட் டியூட்டி.

செவ்வாய், வார்டில், பாட்டில் மாற்றும்போது
அவளுடைய குரல் மெசேஜ். மணி மூன்று பத்து.
பின்னால் ஏலம் கத்துகிறார்கள், சங்கரா, சங்கரா.
இன்னும் தொங்கினுகீறேன்டி. கை வலிக்குது.
மேல யாரோ வராங்க,
செருப்புச் சத்தம் கேக்குது.

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.