துணைக்கால்

தோட்டப்பாளையத்தில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்
வெள்ளிதோறும் ஏழு மணிக்குக் கூடுகிறோம்.
பிரசங்கம் இல்லை, காணிக்கைப் பை இல்லை.
தரையில் ஜமக்காளம்,
நடுவில் மணல் பரப்பிய எவர்சில்வர் தட்டு,
மணலில் ஏழெட்டு மெழுகுவர்த்தி.
பாலாற்று மணல்.
அள்ளக்கூடாது என்று போர்டு நிற்கும் இடத்தில்
எலியேசர் ஒரு கைப்பை நிறைய அள்ளிவந்தது.

பாட்டு என்று சொன்னால் பாட்டும் அல்ல.
இரண்டே சொல்.
நீர் வாரும்.
தெபோராள் டீச்சர் தாழ்ந்த குரலில் தொடங்குவார்,
நாங்கள் சேர்ந்துகொள்வோம்.
நிறுத்து என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

முதல் பத்துச் சுற்று நான் பாடுவதில்லை.
உதடு அசையும், உள்ளே கணக்கு ஓடும்:
லாரித் தண்ணீர் எழுநூறு,
பாதியை மேல்வீட்டு ரோஸ்லின் இன்னும் தரவில்லை,
நாளைக்குக் குடம் பதினொன்று.
இருபதில் கால் மரத்துப்போகிறது.
முப்பதில் கணக்கு தானாக விட்டுப்போகிறது,
எங்கே விட்டது என்று தேடத் தோன்றவில்லை.
அப்புறம் யாரோ,
யார் என்று இன்றுவரை தெரியாது,
துணைக்காலைத் தேய்த்துவிட்டார்கள்.
நீர் வாரும் என்றது
நீர் வரும் என்று கேட்கிறது.
கெஞ்சல் போய்
கார்ப்பரேஷன் ஆபீஸில் சொல்கிற பதிலாகிவிட்டது.
அந்த ஆபீஸ் ஆள்தான் எலியேசர், வால்வு திறப்பவர்.
கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.
இலக்கணப்படி பிழை.
தேவரீர் என்றால் வருவீர்.
வரும் என்றால் அது தண்ணீர்தான்.
முப்பத்தொரு வருடம் சிவப்பு மையோடு வாழ்ந்த டீச்சர்
திருத்தவில்லை.
அவரும் அப்படியே பாடினார்.

கடைசியில், சுவரோரம், நிதாய் மண்டல்.
மால்டாவிலிருந்து
மனைவிக்கு இதய வால்வு மாற்ற வந்தவர்.
எதிர் லாட்ஜில் மூன்று வாரம்.
தமிழில் அவருக்குத் தெரிந்தது
'எவ்வளவு', 'எந்த மாடி'.
ஆனால் நீர் என்ற சொல் அவர் ஊரிலும் உண்டாம்,
பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததாம்.
கண் திறந்து பார்த்திருக்கிறார்:
நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு
இவ்வளவு மரியாதையாகத் தண்ணீர் கேட்கிறார்கள்,
ஒருவரும் எழுந்து தரவில்லை.

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.
திரும்பி ஏறி வந்தபோது கனமாக வந்தது.
தோளில் இருபது லிட்டர் கேன்.
தட்டின் பக்கத்தில் இறக்கி வைத்து
மூடியின் பிளாஸ்டிக்கைப் பல்லால் கிழித்தார்.

பாட்டு தடுமாறியது. நிற்கவில்லை.
தம்ளரை டீச்சர் முதலில் வாங்கினார்,
குடித்தார், பக்கத்தில் கொடுத்தார்.
குடிக்கிற வாய் பாட முடியாதே,
தம்ளர் இருக்கும் இடத்தில் மட்டும்
பாட்டில் ஓர் ஓட்டை.
அது நகர்ந்து நகர்ந்து
என்னிடம் வந்தது.
நான் அமைதியானேன். அவ்வளவு குளிர்ச்சி இல்லை,
பிளாஸ்டிக் வாசனை.
முழுதும் குடித்தேன்.

அவரிடம் யாரும் விளக்கம் சொல்லவில்லை.
பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று
வாட்ச்சைக் காட்டிவிட்டு ஓடினார்.

ராத்திரி மூன்று மணி.
தெருக்குழாய் இருமுகிறது.
முதல் குடத்தை வைத்துவிட்டுக்
கையைக் குழாய்வாயில் வைத்துப் பார்க்கிறேன்.
எப்போதும் இப்படித்தான்.
முதலில் காற்று வரும்.